ஆச்சியின் கைப்பக்குவத்தை எழுதி வைப்பது எப்படி? சொதியை வைத்து ஒரு முழு வழிகாட்டி

கல்யாணமான முதல் வருஷம் சென்னையில் நான் வைத்த சொதி, அதாவது தேங்காய்ப் பால் குழம்பு, திரிந்துபோனது. வீட்டுக்காரரின் ஆபீசிலிருந்து ஆறு பேர் சாப்பிட வந்திருந்தார்கள். "எங்க ஊர்ல மறுவீட்டுச் சாப்பாடுன்னா சொதிதான்" என்று ஒரு வாரமாகப் பெருமை பேசி வைத்திருந்தேன். இலை போடும் நேரத்தில் திறந்து பார்த்தால், பால் வேறு தண்ணீர் வேறாகப் பிரிந்து திப்பிதிப்பியாக நிற்கிறது. அன்றைக்குக் காப்பாற்றியது ரசமும் அப்பளமும்தான்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஆச்சி சொன்னபடிதான செஞ்ச?" என்றாள். ஆச்சி சொன்னபடிதான் செய்தேன். சொன்னதில் ஒரு வரி பிசகவில்லை. சொல்லாமல் விட்டது ஒன்று இருந்திருக்கிறது, அது எனக்குத் தெரிய ஒன்பது வருஷம் ஆனது. ஒரு தராசும் நோட்டும் எடுத்துக்கொண்டு திருநெல்வேலி டவுணில் ஆச்சியின் அடுக்களையில் நாலு நாள் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் ஆச்சியோ அம்மாவோ இருந்தால், நான் செய்த வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உதாரணத்துக்குச் சொதி. உங்களுக்கு அது மீன் குழம்பாகவும் இருக்கலாம்.

எந்தப் பண்டத்தில் தொடங்குவது

வருஷத்துக்கு ஒரு தடவை செய்வதை முதலில் எழுதுங்கள். இன்றைக்குச் சாம்பாரைப் பார்க்கத் தவறினால் நாளைக்கும் சாம்பார் உண்டு. கார்த்திகைக்குச் செய்யும் ஓலைக்கொழுக்கட்டையைத் தவறவிட்டால் அடுத்த கார்த்திகைவரை காத்திருக்க வேண்டும். எண்பதைத் தாண்டியவர்களிடம் அந்தக் கணக்குப் போட எனக்குத் தைரியம் இல்லை.

எங்கள் வீட்டுப் பட்டியல் இப்படி அமைந்தது: கார்த்திகைக்குப் பனையோலையில் வேகவைக்கும் கொழுக்கட்டை, வயசுக்கு வந்த பெண்ணுக்குக் கிண்டும் உளுந்தங்களி, தை மாதச் சிறுவீட்டுப் பொங்கல், அப்புறம் சொதி. அதன் பிறகு கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறு, இடிசாம்பார் என்று வழக்கமானவை.

அல்வாவை எழுதவில்லை. தாத்தா நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது, நெய் ஊறின பொட்டலமாக அது வரும். அது கடைச் சுவை, கடைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. உங்கள் ஞாபகத்தில் இருக்கிற ருசி எல்லாம் சட்டியிலிருந்து வந்ததில்லை. சின்ன வயதில் குறுக்குத்துறைப் படித்துறையில் மணிக்கணக்காக ஆடிவிட்டு, ஈரத்தலையோடு வந்து தின்ற உளுந்தஞ்சோறு மாதிரி எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. தொலி உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய், தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல், எதுவும் குறையாமல் செய்து பார்த்தாயிற்று. ஆச்சியே செய்து போட்டபோதும் அந்த ருசி இல்லை. கடைசியில் நோட்டில் தேவையான பொருட்களுக்குக் கீழே 'ஆற்றில் இரண்டு மணி நேரம்' என்று சேர்த்துவிட்டேன்.

கையில் என்ன வேண்டும்

ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு, தடித்த அட்டை போட்ட நோட்டு, பென்சில் (அடுக்களை ஈரத்தில் பேனா மை கரைந்துவிடும்), கடிகாரத்துக்கும் படம் பிடிக்கவும் ஒரு போன். அவ்வளவுதான்.

போனை அலமாரியில் சாய்த்து வைத்து, கை மட்டும் தெரிகிற மாதிரி படம் பிடியுங்கள். முகம் தெரிந்தால் ஆச்சிமார் சேலையைச் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். சமையல் நின்றுவிடும்.

பாத்திரங்களை அளந்து வைப்பது

இதைச் சமைக்கிற நாளுக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். ஆச்சி வீட்டில் அரிசிக்கு ஆழாக்கு, எண்ணெய்க்கு ஒரு குழிக்கரண்டி, பருப்புக்கு ஒரு பழைய டம்ளர். 'ஒரு கை' என்பது தனி அளவு. பழைய வாய்ப்பாட்டில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. இப்போதைய அட்டவணைகளில் ஓர் ஆழாக்குக்கு 168 மில்லி என்று போட்டிருப்பார்கள். அதை நம்பி இறங்காதீர்கள். எங்கள் வீட்டுப் பித்தளை ஆழாக்கு 190 மில்லி பிடிக்கிறது. எந்தக் காலத்தில், எந்தப் பாத்திரக்கடையில் வாங்கினதோ.

அளக்கும் வழி சுலபம். காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். தலை தட்டத் தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. ஒவ்வொரு கரண்டிக்கும் டம்ளருக்கும் இப்படிச் செய்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, பக்கத்தில் பாத்திரத்தின் படத்தையும் வரைந்துவிடுங்கள். 'ஒரு கை'க்கு ஆச்சியையே அரிசியும் பருப்பும் அள்ளித் தராசில் போடச் சொன்னேன். ஐந்து தடவையும் ஏறக்குறைய ஒரே எடை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

கேட்காதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள்

"சொதி எப்படி ஆச்சி வைக்கிறது?" என்று கேட்டால் நாலு வாக்கியத்தில் பதில் வரும். நாலும் சரி, நாலும் போதாது. அறுபது வருஷம் செய்த வேலையில் பாதி கைக்குப் போய்விடும். அதை வாயால் சொல்ல வராது. "ரெண்டு பச்சமொளகா அரச்சு ஊத்து" என்றாள் ஆச்சி. நான் எண்ணிப் பார்த்தபோது எட்டு. "எட்டா? அது சின்ன மொளகாட்டி" என்றாள்.

கையைப் பிடித்து நிறுத்தி ஒவ்வொன்றையும் தராசில் போடச் சொன்னால் ஓட்டம் கெட்டுவிடும். அவர்களும் எரிச்சலில் மாற்றிச் செய்வார்கள். அதனால் போடுகிற பொருளை விட்டுவிட்டு ஜாடியை எடை போடுங்கள். சமையலுக்கு முன்னால் உப்பு ஜாடி, நெய்ச் செம்பு, எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றையும் ஒருமுறை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சமையல் முடிந்ததும் மறுபடி. குறைந்த எடைதான் சட்டிக்குள் போனது. கழித்தால் தீர்ந்தது. "ஏட்டி, உப்பையா நிறுக்குத? பவுனா அது?" என்று கேட்டுவிட்டு ஆச்சி தன் வேலையைப் பார்த்தாள்.

உப்பை மட்டும் கட்டாயம் எடையில்தான் எழுத வேண்டும். ஊரில் கல்லுப்பு, இங்கே தூளுப்பு. கல்லுப்பு இடைவெளி விட்டுக் கிடப்பதால் அதே கரண்டிக்கு எடை குறைவு. 'ஒரு கரண்டி' என்று எழுதி வந்து தூளுப்பில் போட்டால் கரிக்கும்.

சொதி வைக்கிற நாள்

திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொதியை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: இது தேங்காய்ப் பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டு வைக்கிற வெள்ளைக் குழம்பு. கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் மாப்பிள்ளைக்குப் போடுவதால் மாப்பிள்ளைச் சொதி என்றும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களின் சொதி வேறு. அது மஞ்சள் சேர்த்து நீர்க்க இருக்கும், இடியப்பத்துக்குப் பொருத்தம். எங்கள் வீட்டில் மஞ்சள்பொடி போட மாட்டார்கள், வெள்ளையாக இருந்தால்தான் சொதி.

ஜாடிக் கணக்கையும் கை கணக்கையும் கூட்டிக் கழித்து எட்டுப் பேருக்கு வந்த அளவு இது.

நடுத்தரத் தேங்காய் இரண்டு. துருவினால் 450 கிராம் அளவுக்கு வரும். ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். ரொம்ப முற்றினது வேண்டாம், சீக்கிரம் எண்ணெய் கக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் 150 மில்லி ஊற்றி அரைத்துப் பிழிந்தால் முதல் பால் 300 மில்லி போலக் கிடைக்கும். அதைத் தனியாக மூடி வையுங்கள். அதே சக்கையில் 300 மில்லி தண்ணீர் விட்டு இரண்டாம் பால், 500 மில்லி விட்டு மூன்றாம் பால்.

பாசிப்பருப்பு 100 கிராம். வாசம் வரும்வரை வறுத்தால் போதும், சிவக்கக் கூடாது. குழைய வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள்.

சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 20 பல். இரண்டையும் முழுசாகவே இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெயில் வதக்க வேண்டும். இங்கேயும் நிறம் மாறக் கூடாது. அப்புறம் உருளைக்கிழங்கு 200 கிராம், கேரட் 150, பீன்ஸ் 100, பச்சைப் பட்டாணி 100, முருங்கைக்காய் ஒன்று. இவற்றை மூன்றாம் பாலில் போட்டு, 15 கிராம் உப்பும் சேர்த்து வேகவிடுங்கள். அரை வேக்காட்டில், எட்டுப் பச்சை மிளகாயையும் 15 கிராம் இஞ்சியையும் மையாக அரைத்து ஊற்றுங்கள். பச்சை வாசம் போனதும் பருப்பும் இரண்டாம் பாலும். ஏழெட்டு நிமிடம் சிறு தீயில் கொதிக்கலாம்.

இனிமேல்தான் கவனம். தீயை இன்னும் தணித்து முதல் பாலை ஊற்றி, கரண்டியால் மெதுவாகக் கிளறிக்கொண்டே இருங்கள். கொதிக்க விடக் கூடாது. ஓரத்தில் முத்து முத்தாக நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும். தேங்காய்ப் பாலில் எண்ணெயும் தண்ணீரும் ஒட்டி நிற்பது அதிலிருக்கும் புரதத்தால். அதிகச் சூட்டில் அந்தப் புரதம் இறுகி, எண்ணெய் பிரிந்து மேலே வந்துவிடும். நெய்யில் கடுகு, சீரகம், கறிவேப்பிலை, பதினைந்து முந்திரி தாளித்துக் கொட்டி, ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் சொதி முடிந்தது.

இதுவரை நான் எழுதியது அத்தனையும் என் முதல் வருஷத்துச் சொதியிலும் இருந்தது. அளவில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

படி என்று அவர்கள் நினைக்காத படி

இரண்டாம் நாள் போனில் எடுத்த படத்தைத் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆச்சி உருளியை இறக்குகிறாள், தாளித்துக் கொட்டுகிறாள், படத்தை விட்டுப் போய்விடுகிறாள். அப்புறம் வெகு நேரம் உருளி மட்டும் திறந்தபடி ஆவி விட்டுக்கொண்டு கிடக்கிறது. ஒரு பூனை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. பதினான்கு நிமிடம் கழித்து ஆச்சி கையில் எலுமிச்சங்காயோடு வருகிறாள். அறுக்கிறாள், பிழிகிறாள்.

எங்கே போனாள் என்று எனக்குத் தெரியும். இரண்டாங்கட்டைத் தாண்டி, கிணற்றைச் சுற்றி, புறவாசல் கடைசியில் எலுமிச்சை மரம். தொரட்டியை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து, வழியில் துளசிக்குத் தண்ணீர் விட்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆளிடம் நலம் விசாரித்துவிட்டு வர அவ்வளவு நேரம் ஆகிறது. சென்னையில் எனக்கு எலுமிச்சை ஃப்ரிட்ஜ் கதவில் இருந்தது. கை நீட்டினால் எட்டும். அடுப்பிலிருந்து இறக்கின கையோடு, சூடு தணியாத பாலில் புளிப்பைப் பிழிந்திருக்கிறேன். சூடும் புளிப்பும் சேர்ந்தால் எந்தப் பாலும் திரியும். திரியாமல் தப்பினாலும் எலுமிச்சை கொதித்தால் கசக்கும்.

ஓடிப்போய்க் கேட்டேன். "ஆச்சி, இறக்கினதும் ஆற வைக்கணும்னு ஏன் சொல்லல?"

"ஆற வைக்கவா? நான் எங்கட்டி ஆற வச்சேன்? எலுமிச்சங்கா பறிக்கல்லா போனேன்."

அடுத்த நாள் பிழிவதற்கு முன்னால் விரலை விட்டுப் பார்த்தேன். சுடும், ஆனால் பொறுக்கலாம். அந்தச் சூடுதான் கணக்கு. நோட்டில் 'புறவாசல் போய் வரும் நேரம், 14 நிமிடம், மூடாமல்' என்று பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஆகவே படம் பிடித்ததை இரண்டு தடவையாவது பாருங்கள். முதல் தடவை கை என்ன செய்கிறது என்று. இரண்டாம் தடவை கை எப்போது சும்மா இருக்கிறது என்று. மாவு அரைத்துவிட்டுக் குளிக்கப் போவது, பாகு காய்ச்சும்போது வாசலில் கீரைக்காரியோடு பேரம் பேசுவது எல்லாவற்றையும் நேரத்தோடு குறியுங்கள்.

வாய்ச்சொல்லை மாற்றாமல் எழுதுங்கள்

எண் இருந்தால் மட்டும் போதாது. "பால் சிரிச்ச மாதிரி இருக்கும்போது இறக்கு" என்றாள் ஆச்சி. நான் முதலில் 'ஓரத்தில் நுரை வரும்போது' என்றுதான் எழுதினேன். பிறகு இரண்டையும் வைத்துக்கொண்டேன். பின்னால் என் மகன் செய்யும்போது அவனுக்கு எது பிடிபடுமோ, யாருக்குத் தெரியும்.

கூட வருவதையும் எழுதுங்கள்

சொதி தனியாக வராது. தேங்காய்ப் பால் மந்தம், அதனால் இஞ்சித் துவையல் கட்டாயம். 50 கிராம் இஞ்சியைத் தோல் சீவி நறுக்கி எண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு இரண்டு கரண்டி, வற்றல் மிளகாய் ஆறு, நெல்லிக்காய் அளவு புளி, கொஞ்சம் கருப்பட்டி, உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். இன்னொரு வெஞ்சனம் உருளைக்கிழங்குக் காரக்கறி, அல்லது சிப்ஸ். தாத்தா சிப்ஸைச் சொதிச் சோற்றில் நொறுக்கிப் போட்டுப் பிசைவார். அதற்கு வீட்டில் திட்டு விழும். அதையும் எழுதியிருக்கிறேன்.

தண்ணீர் மேல் பழி போடுவதற்கு முன்னால்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எது சரியாக வராவிட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கும்: "தாமிரபரணித் தண்ணி இல்லல்லா." நானும் பல வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருமுறை நெல்லை எக்ஸ்பிரஸில் ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரே நாளில் இரண்டு சட்டி வைத்தேன், ஒன்று ஆற்றுத் தண்ணீர், இன்னொன்று எங்கள் போர் தண்ணீர். பருப்பு வேகிறதில் நல்ல வித்தியாசம். சுண்ணாம்பு மிகுந்த கடின நீரில் பருப்பு சட்டென்று குழையாது, சொதி நறநறவென்று இருக்கும். அதனால் பருப்புக்கு மட்டும் சுத்திகரித்த தண்ணீர் ஊற்றி மூன்றாவதாக ஒன்று வைத்தேன். வீட்டில் மூன்று பேருக்குக் கொடுத்தேன், எது ஆற்றுத் தண்ணீர் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஊரில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

சண்டைகளுக்கு ஒரு பக்கம்

நீங்கள் எழுதுவது தெரிந்ததும் வீட்டில் ஆளாளுக்குத் திருத்தம் சொல்வார்கள். அத்தை சொதிக்குக் கத்தரிக்காய் போடுவாள். பெரியம்மை பட்டாணியைத் தொட மாட்டாள். மதினி முந்திரியை அரைத்தே ஊற்றிவிடுவாள், ஆச்சியின் காதில் விழுந்தால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இடது பக்கத்தில் ஆச்சியின் பக்குவம், வலது பக்கத்தில் இன்னார் வீட்டில் இப்படி என்று தேதி போட்டு எழுதிவிடுங்கள். அந்த வலது பக்கம்தான் இப்போது எல்லாரும் முதலில் புரட்டிப் படிப்பது.

அவர்கள் பார்க்க நீங்கள் செய்வது

நாலாம் நாள் ஆச்சியை நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நானே வைத்தேன். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நீங்கள் தப்பாகச் செய்யும்போதுதான் அவர்களுக்கே மறந்துபோன விஷயம் வாயில் வரும். "தேங்காச் சக்கைய இப்பிடியா பிழிவ? துணியில கட்டி முறுக்கு." "கரண்டிய ஒரே பக்கமாச் சுத்து, அங்கிட்டும் இங்கிட்டும் கலக்காத." இப்படி ஒன்பது குறிப்புகள் அன்றைக்கு மட்டும் கிடைத்தன. ஒரே பக்கமாகச் சுற்றுவதில் விஞ்ஞானம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, ஆனாலும் அப்படியே சுற்றுகிறேன்.

உருளியைப் பற்றிக் கடைசியாக ஒன்று. பித்தளை, வெண்கலப் பாத்திரத்தில் புளிப்பு சேர்ப்பதாக இருந்தால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் களிம்பு ஏறும். அந்தப் பூச்சு தேய்ந்திருந்தால் எவர்சில்வரே மேல்.

உங்கள் அடுக்களைக்கு மாற்றுவது

ஊரில் எழுதின நோட்டு உங்கள் வீட்டு அடுப்பில் அப்படியே பலிக்காது. உருளியின் கனம் வேறு, கேஸ் தீ வேறு, நடக்கிற தூரம் வேறு. மூன்று தடவையாவது செய்து பார்த்து, மாறினதைப் பென்சிலால் பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் அடிப்பகுதி மெல்லிய பாத்திரம் என்பதால் முதல் பாலை ஊற்றினதும் அடுப்பையே அணைத்துவிடுகிறேன், மிச்சச் சூடு போதும்.

எலுமிச்சையை இப்போது ஃப்ரிட்ஜில் வைப்பதில்லை. சொதியை இறக்கினதும் மகனைக் கீழே காய்கறிக் கடைக்கு அனுப்புகிறேன். மூன்றாம் மாடி. லிஃப்ட் ஓடினால் ஆறு நிமிடத்தில் வந்துவிடுகிறான், அதனால் படியில் போகச் சொல்கிறேன்.